கட்டிலுக்குக் கீழே ஒரு பங்கர்

ஓடுகிறோம். வாய்க்கால் கரையில் ஓடுகிறோம். யூட் என் இடுப்பில். டிலக்சி எனக்கு முன்னால், செருப்பில்லாமல். மாமி, என் புருசனின் தாய், பின்னால், வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டு. பின்னேரம். காற்றில் வைக்கோல் கருகிய மணம். தூரத்தில் குத்துகிற சத்தம். குப். குப். ஷெல் அங்கே கிளம்பிவிட்டது. இனி அது வந்து விழும்வரை ஓடலாம். தலைக்கு மேலே கூவினால் பயமில்லை. அது எங்களைத் தாண்டிப் போகிற ஷெல். கூவாமல் வருவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

கூவவில்லை.

“படு! எல்லாரும் படு!”

கத்தியது சூசை. என் புருசன். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு எங்களுக்குப் பின்னால் விழுகிறார்.

“வாயைத் திற! காதைப் பொத்து! எலிசா, பிள்ளையின்ரை காது!”

விழுந்தோம். வாய்க்கால் சேறு வாய்க்குள் போனது. பூமி ஒருமுறை எழும்பி இறங்கியது. முதுகில் மண் கொட்டியது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. காதுக்குள் மட்டும் கீ என்று ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து சூசையின் குரல் வந்தது.

“அம்மா?”

“ஓம்.”

“எலிசா?”

“ஓம்.”

“டிலக்சி?”

“ஓம் அப்பா.”

“யூட்?”

யூட் அப்போது சரியாகப் பேசாத குழந்தை. அவனுக்காக நான் சொன்னேன். “ஓம்.”

இது எங்கள் வீட்டு ஒழுங்கு. அடி ஓய்ந்ததும் சூசை பெயர் கூப்பிடுவார். வயதுப்படி, மூத்தவர் முதலில். ஓம் என்று மட்டும் சொல்ல வேண்டும். காயம் என்றாலும் முதலில் ஓம். எல்லாப் பெயரும் கூப்பிட்டு முடிந்த பிறகுதான் அழலாம். தண்ணீர் கேட்கலாம். செருப்புத் தேடலாம். அதற்கு முன்னால் யாராவது மூக்கை உறிஞ்சினால் சூசைக்குக் கோபம் வரும். அழுகைச் சத்தத்தில் பதில் கேட்காமல் போய்விடும் என்பார்.

இதை நான் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து எழுதுகிறேன். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையில் ஓர் அகதி முகாம். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் சத்தம் கேட்கும். ஆடி மாதம் முழுக்கக் காற்று. தகரத்தைப் பிய்க்கிற காற்று. திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறேன். பந்தலுக்குக் கீழே நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வேலை. ராத்திரி தோள் விட்டுப்போகும். அந்தத் தோளோடுதான் எழுதுகிறேன். எழுத்தில் குறை இருந்தால் தோளைக் கேளுங்கள்.

திகதி கேட்பார்கள். கதை கேட்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு. பங்கருக்குள் யாரும் கலண்டர் மாட்டி வைக்கவில்லை. ஊரை விட்டு ஓடியது மாசி மாதம். நெல் வெட்டிச் சூடு அடித்து முடித்திருந்தோம். அதற்கு மேல் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

மன்னார்ப் பக்கம் எங்கள் ஊர். வயலும் குளமும். அந்த வாய்க்கால் கரையோடு ஊர் போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று இடம் மாறினோம். எந்த இடத்துக்குப் போனாலும் முதல் வேலை பங்கர் வெட்டுவது. கூடாரம் பிறகு. அடுப்பு பிறகு. பங்கர் என்றால் ஆள் இறங்கி இருக்கிற கிடங்கு, அவ்வளவுதான். சூசை அதை எல் எழுத்து மாதிரி வளைத்து வெட்டுவார். வாசலில் விழுகிற சிதறல் நேரே உள்ளே வராது. மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண் மூட்டை. சாக்கு எங்கே கிடைக்கும்? சேலையைத்தான் வெட்டிப் பை தைத்தோம். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பங்கருக்கு மேலே பார்த்தால் ஊர்ப் பெண்களின் கலியாணம், பிள்ளைப்பேறு, திருநாள் எல்லாம் மண்ணை நிரப்பிக்கொண்டு கிடக்கும். மூன்றாவது இடத்தில் என்னிடம் மிஞ்சியது கூறைச் சேலை மட்டும். நான் கலியாணத்துக்கு உடுத்தது. டிலக்சிதான் அளந்து வெட்டினாள். ஜரிகைப் பக்கம் உள்ளே போகட்டும் அம்மா, வெளியே தெரிந்தால் பிளேனுக்கு மினுங்கும் என்றாள். அவளுக்குப் பதினொரு வயது.

அந்தப் பங்கர் நல்ல பங்கர். நான் சொல்லவில்லை, பக்கத்துக் கூடாரத்துக்காரர் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று யூட்டுக்குக் காய்ச்சல். மருந்து கொடுக்கிற இடத்தில் அவனோடு வரிசையில் நிற்கிறேன். சூசை தண்ணீருக்குப் போயிருக்கிறார். வானத்தில் கிழிக்கிற சத்தம். கிபிர். குண்டு போடுகிற பிளேனுக்கு எங்கள் சனம் சொல்கிற பெயர். சத்தம் கேட்கும்போது அது ஏற்கெனவே தலைக்கு மேல் வந்துவிட்டிருக்கும். எல்லாரும் விழுந்தோம். நிலம் இரண்டு தரம் உதறியது. புகை எழும்பிய திசையைப் பார்த்தேன். யூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மாமியும் டிலக்சியும் ஒரு பிழையும் விடவில்லை. சத்தம் கேட்டதும் பங்கருக்குள் இறங்கியிருக்கிறார்கள். குண்டு பங்கரில் விழவில்லை. பக்கத்தில் விழுந்தது. பங்கர் மூடிக்கொண்டது.

நான் போனபோது சூசை கையால் தோண்டுகிறார். சனம் மண்வெட்டியோடு ஓடி வருகிறது. நடுவில் நிமிர்ந்து நின்று கூப்பிட்டார்.

“அம்மா?”

காத்திருந்தார். மறுபடியும், “அம்மா?”

பிறகு தோண்டினார். பிறகு நின்று, “அம்மா?” இருட்டுகிறவரை அந்த ஒரு பெயர்தான். அடுத்த பெயருக்கு அவர் போகவில்லை. இருவரையும் எடுத்து, பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். பெட்டி இல்லை. சாமியார் இல்லை. அன்றிலிருந்து சூசை யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னை ‘இஞ்சை’ என்பார், இங்கே பார் என்கிற மாதிரி. யூட்டை ‘அவன்’ என்பார். அவர் அழுததும் இல்லை. செத்த வீட்டில் அழாத மனுசன் என்று சனம் பேசியது. எனக்கும் ஆத்திரம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

படகு. ராத்திரி. தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரன் போய்விட்டான். சுற்றிவரக் கடல். மறுநாள் மீன்பிடிக்கப் போனவர்கள் பார்த்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மண்டபம் முகாமில் விசாரணை. பிறகு ஒரு பஸ்ஸில் ஏற்றி இங்கே விட்டார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி சூசை முதலில் பார்த்தது மலையை. கிழக்கே மேகமலை, மேற்கே கேரளத்து மலை. எங்கள் ஊரில் மலை கிடையாது. மேடு என்றால் குளக்கட்டுத்தான். ஊரே அழகான இடம் என்று நான் நினைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் என் காதில் சொன்னார்.

“இஞ்சை, மலைக்குப் பின்னாலை இருந்து பிளேன் வந்தால் சத்தம் கேக்காது.”

ஒரு வாரத்துக்குள் பங்கர் வெட்டிவிட்டார். பத்தடிக்குப் பத்தடி அறைக்குள், கட்டிலுக்குக் கீழே. மண்ணை அரிசிப் பையில் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திராட்சைத் தோட்டத்து வரப்பில் கொட்டினோம். சிரிக்காதீர்கள். எங்கள் வரிசையில் வேறு மூன்று வீட்டிலும் வெட்டினார்கள். ஒரு வருசத்தில் ஒருத்தர் அதற்குள் விறகு போட்டார். ஒருத்தர் வெங்காயம் போட்டார். மூன்றாமவர் மகளுக்குக் கலியாணம் பேசிய கையோடு மூடிவிட்டார். சூசை மட்டும் மூடவில்லை. பகலில் பெயின்ட் வேலைக்குப் போவார். ராத்திரி கட்டிலை நகர்த்திப் பலகையைத் தூக்கி இறங்கிவிடுவார். நான் மேலே கட்டிலில். அவர் கீழே. இப்படியே காலம் போனது. யூட் வளர்ந்து, மதுரைக்காரன் மாதிரிப் பேசக் கற்று, திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கு அப்பம்மாவின் முகமும் தெரியாது, அக்காவின் முகமும் தெரியாது. காட்டுவதற்கு ஒரு படம் இல்லை. கலியாண ஆல்பமும் அங்கே மூடிக்கொண்ட பங்கருக்குள்ளேதான் இருந்தது.

பிறகு பழைய வரிசையை இடித்துப் புது வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். சந்தோசமான செய்திதான். முகாமே வெடி கொளுத்தியது. அந்த வெடிக்கு சூசை கட்டிலுக்குக் கீழே போனார். மறுநாள் முதல் வரிசையை இடிக்க ஜேசிபி வந்தது. நிலம் அதிர்ந்தது. டாங்கி வருகுது என்றார். வேலைக்குப் போகவில்லை. சாப்பாடும் கீழே. மேலே வருவது கொல்லைக்குப் போக மட்டும்.

ஒவ்வொரு வரிசையாக இடித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வரிசையில் எல்லாரும் காலி செய்து, எதிரே போட்ட தகரக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் மட்டும் மிச்சம். மாதத்தில் ஒரு நாள் அதிகாரிகள் வந்து ஆள் சரிபார்ப்பார்கள். செக்கிங் என்போம். அந்த நாளில் சூசையை எப்படியாவது மேலே கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். இது அப்படிச் சமாளிக்கிற காரியமில்லை. முகாம் தலைவர் வந்து சொன்னார்.

“அக்கா, இன்னும் ரெண்டு நாளிலை அதிகாரிமார் எல்லாரும் வருவினம். வீட்டுக்குள்ளை பங்கர் கண்டால் என்னத்துக்கு எண்டு கேப்பினம். போலீசும் கேக்கும். புது வீடும் கையை விட்டுப் போகும். அண்ணரை எழுப்புங்கோ.”

எழுப்புவதா? நான் கெஞ்சினேன். திட்டினேன். சோறு போட மாட்டேன் என்றேன். யூட் போனில் அழுதான். சூசை பலகைக்குக் கீழிருந்து, “இஞ்சை, கத்தாதை, கேக்கும்” என்றார். யாருக்குக் கேட்கும் என்று நான் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் ஜெபா மறுபடியும் வந்தாள்.

அவளைப் பற்றி முதலிலிருந்து சொல்ல வேண்டும். போடிக்காரி. ஏலக்காய் வியாபாரிக் குடும்பம். கடையில் உட்கார்ந்து காற்றாடிக்குக் கீழே காலத்தை ஓட்டியிருக்கலாம். இவள் வடக்கே போய்ப் பனிமலை ஏறினாள். வலது கையில் இரண்டு விரல் நுனியைக் குளிர் தின்றுவிட்டது. கேமரா பொத்தானை நடுவிரலால் அழுத்துவாள். மலையை விட்டுவிட்டு இப்போது முகாம் முகாமாகப் போய் எங்களைப் போன்ற சனத்தைப் படம் எடுக்கிறாள், எழுதுகிறாள். முதல் தரம் வந்தபோது நான் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். எங்களிடம் கதை கேட்க வந்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று. எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்பார்கள். அழுகிற இடம் வந்தால், கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாருங்கள் அம்மா என்பார்கள். படம் போன திசை தெரியாது.

“செத்ததைக் கேக்க வந்தனீயோ?” என்றேன்.

“இல்லக்கா. தாகமா இருக்கு. தண்ணி குடுங்க.”

தண்ணீர் கொடுத்தேன். அடுத்த முறை பிட்டு கொடுத்தேன். கேமராவைப் பையிலிருந்து எடுக்காமலே நாலைந்து தரம் வந்துபோனாள். இவளுக்கு வேறு வேலைவெட்டி இல்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. மலையை ஏன் விட்டாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“பனி சரிஞ்சு கூடாரத்து மேல விழுந்துருச்சுக்கா. உள்ள நானும் தாவாவும். அவன் அந்த ஊரு மலைக்காரன். ஒரே கயித்துல ஏறுன ஆளுக. என்னையத் தோண்டி எடுத்துட்டாக.”

அவ்வளவுதான் சொன்னாள். நானும் திகதி கேட்கவில்லை.

பங்கரைப் பற்றி அவளுக்கு நான் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தாள். கட்டிலுக்குக் கீழிருந்து இருமல் வந்தால் யார்தான் கண்டுபிடிக்க மாட்டார்கள். குனிந்து, பலகை இடுக்கில் பேசினாள். என்ன அண்ணே, மேல என்ன போட்டிருக்கீக, காத்து வருதா என்றாள். இத்தனை வருசத்தில் ஏன் வெட்டினாய் என்று கேட்டவர்கள்தான் உண்டு. காற்று வருகிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. சூசை பலகையை ஒரு சாண் தூக்கினார்.

“பிள்ளை, நீ மலை ஏறுற ஆளாமே. அங்காலை என்ன கிடக்கு?”

“மேகமலைக்கு அங்குட்டா? தேயிலைதாண்ணே. நான் போயி எடுத்த படம் இருக்கு. பாக்குறீகளா?”

கேமராத் திரையில் காட்டினாள். பச்சை. நடுவில் ஏரி. ஓரத்தில் வரிசையாகத் தொழிலாளர் வீடுகள்.

“அங்கையும் லைன் வீடோ?” என்றார் சூசை.

“ஆமாண்ணே.”

“அவையள் பங்கர் வெட்டியிருக்கினமோ?”

“இல்லண்ணே. யானைக்குத்தான் பயப்படுவாக.”

சூசை வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு பலகையை மூடிக்கொண்டார். ஆனால் அவள் வருகிற நாளில் பலகை ஒரு சாண் திறந்திருக்கும். அது எனக்குப் போதுமாக இருந்தது. இடிப்புக்காரர்கள் வரும்வரை.

கடைசி நாள் காலை. நாளைக்கு அதிகாரிகள். ஜெபா வந்து என் முகத்தைப் பார்த்தாள். விசயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். கேமராவைக் கழுத்தில் போட்டபடியே கட்டிலை நகர்த்தினாள். பலகையைத் தூக்கினாள்.

“அண்ணே, நானும் கொஞ்ச நேரம் உள்ள உக்காரவா?”

பதிலுக்கு நிற்கவில்லை. காலை உள்ளே விட்டாள்.

சூசை சங்கடப்பட்டுப்போனார். ஊரார் வீட்டுக் குமர்ப்பிள்ளை, ஆள் முடங்கி இருக்கிற கிடங்கில், பெண்சாதி பார்த்துக்கொண்டிருக்க, தொடையோடு தொடை இடிக்க வந்து உட்கார்ந்தால் மனுசன் என்ன செய்வார்? இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே எட்டில் மேலே வந்துவிட்டார். மூச்சு வாங்க நின்றார். என்னைப் பார்க்க வெட்கம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் கெஞ்சி நடக்காதது, மகன் அழுது நடக்காதது, இந்த ஒரு கூச்சத்தில் நடந்துவிட்டது.

“பிள்ளை, நீ மேலை வராதை. அங்கையே இரு. நீ வந்தால் இவர் இறங்கிடுவார்” என்றேன்.

“இருக்கேன்க்கா” என்று கீழிருந்து அவளும் சிரித்தாள்.

சூசையைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். வெயில் அவர் கண்ணைக் குத்தியது. கல்லில் உட்காரவைத்தேன். தேத்தண்ணி எடுக்கத் திரும்பினேன். சட்டி பானையைக் கொட்டகைக்கு ஏற்றிவிட்டால் மதியத்துக்குள் காரியம் முடிந்துவிடும். பங்கரை மண் போட்டு மூடிவிடலாம். நாளைக்கு யார் வந்தாலும் வெறும் தரை. அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அப்போது ஜேசிபி எஞ்சின் உறுமியது. வரிசைக்கு அந்தக் கோடியில் இருந்து வேலையைத் தொடங்கியிருந்த டிரைவர், இந்தப் பக்கம் வந்திருக்கிறான். எங்கள் வரிசையும் காலி என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். இரும்புக் கை அந்தச் சுவரில் விழுந்தது.

டம். அறை முழுக்கத் தூசி. கூரைத் தகரம் ஒன்று உள்ளே சரிந்தது. கட்டில் கவிழ்ந்தது. பலகை பங்கர் வாய்க்குள் விழுந்து அடைத்தது.

“ஜெபா! பிள்ளை, மேலை வா!”

தூசிக்குள் எட்டிப் பார்த்துக் கத்தினேன்.

“ஜெபா!”

கீழே இருக்கிறாள். காயம் இருக்காது. வரலாம். பலகையைத் தள்ளினால் வரலாம். பனிமலை ஏறிய கை அது. ஆனால் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேலிருந்து கொட்டுகிறது. இருட்டு. பனி மாதிரி வெள்ளையாக இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் வெளியே ஓடினேன். ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றேன்.

“நிப்பாட்டு! உள்ளுக்கை ஆள்! நிப்பாட்டு!”

டிரைவர் எட்டிப் பார்த்தான். அவனுக்குக் கேட்கவில்லை. இரும்புக் கை மறுபடியும் மேலே போகிறது. கல் எடுத்து எறிந்தேன். கண்ணாடியில் பட்டது. எஞ்சினை அமர்த்தினான்.

“யாத்தே, ஆளு இருக்காகளா? யாருமில்லன்னுல்ல சொன்னாக.”

திரும்பிப் பார்த்தேன். கல்லில் சூசை இல்லை. உள்ளே போய்விட்டார். பலகையை விலக்கிப் பங்கருக்குள் இறங்கிவிட்டார். இவர் இனி வர மாட்டார், அவளும் வர மாட்டாள் என்று நினைத்தேன். வாசலில் நின்று தூசிக்குள் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. சத்தமான குரல். வாய்க்கால் கரையில் கேட்ட அதே குரல்.

“வாயைத் திற! பிள்ளை, வாயைத் திற! மூச்சை விடு. விட்டிட்டியோ? இன்னொருக்கா. இது மண். நான் வெட்டின மண். எனக்குத் தெரியும். காலை இஞ்சை வை. என்ரை தோளிலை வை. ஏறு!”

ஒரு கை வெளியே வந்தது. நுனி இல்லாத விரல்கள். பிடித்து இழுத்தேன். கேமரா வார் பலகையில் சிக்கியது. கீழிருந்து சூசை அதைக் கழற்றித் தள்ளினார். அவள் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்குப் பின்னால் சூசை. வாசலைத் தாண்டியதுதான் தாமதம், பின்னால் சுவர் மெதுவாகச் சாய்ந்தது. பங்கரின் ஒரு பக்கம் இடிந்து உள்ளே இறங்கியது.

மூன்று பேரும் வெளியே தரையில் கிடந்தோம். சூசைதான் முதலில் எழும்பினார்.

“பிள்ளையின்ரை கேமரா உள்ளுக்கை” என்று திரும்ப நடந்தார்.

ஜெபா அவர் கையை எட்டிப் பிடித்தாள். “வேணாம்ணே. அது அங்கனயே கிடக்கட்டும்.”

“படமெல்லாம் அதுக்கை தானே?”

“கிடக்கட்டும்ணே.”

அந்தக் கேமராவில்தான் எங்கள் முகாமில் அவள் எடுத்தது எல்லாம் இருந்தது. இடிவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சனத்தை நிறுத்தி எடுத்தது. சூசை ஒரு சாண் திறப்புக்குள்ளிருந்து பார்க்கிறதை ஒன்று எடுத்திருந்தாள். அவரைக் கேட்டுத்தான் எடுத்தாள். எல்லாம் போய்விட்டது. பிறகு அவள் சொல்லித்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். படத்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிடாதீர்கள் என்று கேட்பதற்கு எங்களிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை.

சனம் கூடிவிட்டது. டிரைவர் கீழே இறங்கித் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறான். கொட்டகையிலிருந்து பெண்கள் தண்ணீர் கொண்டு ஓடி வருகிறார்கள். யாரோ அழத் தொடங்கினார்கள். சூசை கையை உயர்த்தினார். அழுகை நின்றது. அவர் மண் மூடிய பங்கரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். காலை அகட்டி, நிமிர்ந்து.

“அம்மா?”

எனக்குப் புரிந்தது. முகாமில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் புரிந்தது. ஒருவரும் அசையவில்லை. காற்று மட்டும் தகரத்தை ஆட்டியது. சூசை காத்திருந்தார். நான் பயந்தேன். இதிலேயே நின்றுவிடுவார், மறுபடியும் அம்மா என்பார் என்று.

“எலிசா?”

என் பெயர். அவர் வாயில் என் பெயரைக் கேட்டு எத்தனை காலம். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஓம்” என்றேன்.

“டிலக்சி?”

காத்திருந்தார். நீண்ட நேரம் காத்திருந்தார்.

“யூட்?”

“ஓம்” என்றேன் நான், அன்று சொன்ன மாதிரியே. திருப்பூரில் ஏதோ ஒரு கட்டிடத்தில் சாரத்தில் நிற்பான் என் மகன்.

சூசை கீழே பார்த்தார். ஜெபா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பிள்ளை, உனக்கு என்ன பேர்?”

“ஜெபாண்ணே.”

“ஜெபா?”

போடிக்காரி சொன்னாள். “ஓம்.”

முடிந்தது என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து சூசையைப் பார்த்தாள்.

“அண்ணே, இன்னொரு பேரு இருக்கு. கூப்புடுறீகளா?”

“சொல்லு.”

“தாவா.”

சூசைக்கு அது என்ன பெயரென்று தெரியாது. ஆணா பெண்ணா தெரியாது. கேட்கவில்லை. திரும்பி நின்று, மலைப்பக்கம் பார்த்து, மற்றப் பெயர்களைக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டார்.

“தாவா?”

மலைப்பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று ரோட்டில் போனது.

“மூண்டு பேர் குறையுது” என்றார் சூசை.

அதுதான் கணக்கு. மாமி. டிலக்சி. தாவா. ஒரு வீடு, ஒரு வயல், ஒரு சைக்கிள். கலியாண ஆல்பம். ஜரிகைப் பக்கம் உள்ளே வைத்துத் தைத்த கூறைச் சேலை. இரண்டு விரல் நுனி. ஒரு கேமரா. கட்டிலுக்குக் கீழே ஒரு பங்கர். இவ்வளவும் போனது. இந்த முறை மண்ணுக்குள் இறங்கியவர்கள் இருவர். மேலே வந்தவர்களும் இருவர்.

பெயர் கூப்பிட்டு முடிந்துவிட்டது. சூசை தரையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அழுதார்.